முதல் படிக்கு எடை இல்லாத வருஷம்

பொறுமைபுரத்தில் முதல் படிக்கு எடை இல்லாமல் போன வருஷம், அதை முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று பால்காரரும் சொல்வார், பலசரக்குக் கடைக்காரரும் சொல்வார், அந்த வருஷம் முழுக்க பம்பாயில் இருந்தவர்கள்கூட லீவுக்கு வந்தால் கூசாமல் சொல்வார்கள், ஆனால் கண்டுபிடித்தது எப்சிபா, ஏனென்றால் அந்த ஊரில் கண்ணால் பார்த்ததையும் நிறுத்துப் பார்த்த பிறகே நம்புகிறவள் அவள் ஒருத்திதான்.

எப்சிபா வீட்டில் வைத்துக் கேக் போட்டு விற்கிறவள். பிறந்தநாள், கல்யாணநாள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று செம்மணல் தேரிக்காட்டுக்கு இந்தப் பக்கமுள்ள ஊர்களில் எங்கே மெழுகுவர்த்தி ஊதினாலும் அது குத்தியிருப்பது அவள் கேக்கில்தான். கேக் சொல்லித்தருகிற பிள்ளைகள் போனுக்குள்ளிருந்து, "ஹாய் பிரெண்ட்ஸ், மைதா நூத்தி இருபது கிராம், சர்க்கரை எண்பது கிராம்" என்று தேன் ஒழுகச் சொல்லுவார்கள். எப்சிபாவிடம் இருந்ததோ வாய் நெளிந்த ஒரு எவர்சில்வர் டம்ளர். ஒரு டம்ளர் மைதாவும் ஒரு டம்ளர் சர்க்கரையும் ஒரே எடை இல்லை, சலித்த மைதாவும் சலிக்காத மைதாவும் ஒரே எடை இல்லை, அமுக்கி அள்ளினால் ஒன்று, அள்ளித் தலைதட்டினால் இன்னொன்று. இப்படிக் கிராமை டம்ளராக்கி, டம்ளரைக் கிராமாக்கி மண்டை காய்ந்துபோய்த்தான் அவள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினாள். வாங்கிய நாளிலிருந்து அரைக் கிலோ கேக் என்றால் அரைக் கிலோதான், மேலே வைக்கிற செர்ரிப் பழத்தையும் சேர்த்து.

ஒரு காலையில் தராசில் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, ஒரு டம்ளர் மைதாவைத் தலைதட்டிக் கொட்டினாள். தராசு பூஜ்யத்திலேயே நின்றது. கிண்ணத்தில் மைதா இருந்தது, விரலை விட்டால் விரலில் ஒட்டியது, நாக்கில் வைத்தால் மைதாவாகவே இருந்தது, எடை மட்டும் இல்லை. இரண்டாவது டம்ளரைக் கொட்டினாள். தராசு ஒழுங்காக நூற்றுப் பதினெட்டு காட்டியது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். திரும்பவும் முதல் டம்ளர் பூஜ்யம், இரண்டாவது டம்ளர் நூற்றுப் பதினெட்டு.

மற்றவர்கள் என்றால் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். எப்சிபாவுக்குக் கைவந்தது சந்தேகப்படுவது, அதனால் அவள் வரிசையாகச் சந்தேகப்பட்டாள்: முதலில் பேட்டரியை, பிறகு தராசை, பிறகு கடைக்காரரை, பிறகு மைதாவை, பிறகு டம்ளரின் நெளிவை, இவ்வளவும் தீர்ந்த பிறகு, எது தொலைந்தாலும் கடைசியில் போய் நிற்கிற இடத்தில் போய் நின்றாள், அதாவது புருஷனிடம்.

புருஷன் பேர் ஞானதிரவியம். ஊருக்கு அவர் மாஸ்டர். கல்யாண வீடுகளுக்குச் சமைப்பது அவர் பிழைப்பு, வருஷத்துக்கு ஒருமுறை வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்துக்குச் சமைப்பது அவர் பெருமை. அதிகம் பேசமாட்டார். அடுப்படிப் பக்கம் வந்தவரிடம் எப்சிபா, "மைதாவை என்ன செய்தியோ?" என்று கேட்டாள்.

"நான் என்னத்தச் செய்ய? அது ஒன் மைதா."

"எடை இல்ல."

"அரிசியில பாத்தியா?" என்று கேட்டுவிட்டு அவர் பல் தேய்க்கப் போய்விட்டார், அந்தக் கேள்வியே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

தராசைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் புஷ்பரதியிடம் போனாள். புஷ்பரதி எப்சிபாவுக்கு மைனி, அண்ணி முறை. அவள் குரல் ஒலிபெருக்கி வைக்காத விளம்பர ஆட்டோ மாதிரி, வீட்டுக்குள் பேசினால் தெருமுக்கில் பதில் வரும்.

"மைனி, ஒரு உழக்கு அரிசி அளந்து இதுல போடுங்க."

"என்னத்துக்கு? என் அரிசியில கல்லு கெடக்கான்னு பாக்கியாக்கும்?"

"எடை கெடக்கான்னு பாக்கேன்."

புஷ்பரதி வீட்டு அரிசியிலும் முதல் உழக்குக்கு எடை இல்லை. அவளுக்கு எதிர்வீட்டில் பருப்பிலும் இல்லை, அதற்கு அடுத்த வீட்டில் உப்பிலும் இல்லை, மத்தியானத்துக்குள் ஊரில் எந்த வீட்டிலும் எந்தப் பாத்திரத்தால் எதை அளந்தாலும் முதல் அளவுக்கு எடை இல்லை என்று ஆகிவிட்டது. தராசில் நிறுத்துவிட்டுப் பிறகு டம்ளரில் போட்டால் எடை இருந்தது; டம்ளரில் அளந்துவிட்டுப் பிறகு தராசில் போட்டால் முதல் டம்ளர் காற்று. அந்தப் பக்கத்தில் படி அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், 'லாபம்' என்று சொல்லிக் கொட்டிவிட்டு அடுத்ததை 'ரெண்டு' என்று தொடருவார்கள். அதில்தான் ஏதோ வினை இருக்கிறது என்று சிலர் 'ஒண்ணு' என்று அளந்து பார்த்தார்கள், சிலர் வாயே திறக்காமல் அளந்து பார்த்தார்கள், ஒருத்தர் பள்ளிக்கூட ஞாபகத்தில் இங்கிலீஷில் எண்ணிக்கூடப் பார்த்தார். எப்படி எண்ணினாலும் முதலாவதுக்கு எடை இல்லை.

ஒரு விஷயமும் நடக்காததுபோல ஊர் அதற்குப் பழகிவிட்டது. பெண்கள் ஒரு படி அளந்து, படியைக் கீழே வைத்து, கொண்டையை அவிழ்த்து முடிந்து, புதிதாக அளப்பதுபோல இன்னொரு முதல் படி அளந்து, இப்படியே மூட்டை நிறைய முதல் படியாகக் கட்டி, மாவு மில்லுக்குச் சுண்டுவிரலில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் தோசைமாவு வாளியைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினார்கள். பால்காரர் வீட்டுக்கு ஒரு உழக்கு ஊற்றுகிறவர், ஆகவே அவர் ஊற்றியதெல்லாம் எடையில்லாத பால், தூக்குவாளியைக் கையில் வாங்கிப் பார்த்து முறைத்தவர்களிடம், "முந்தி தண்ணி கலக்கேன்னிய. இப்ப எதைக் கலக்கேன், காத்தையா?" என்று அழாத குறையாகக் கேட்டார். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், உங்க ஊர்ச் சோறு உடம்பில் ஒட்டுமா என்று ஜாடையாக விசாரித்தார்கள். சாப்பிட்டு எழுந்தவர்கள் எப்போதும்போல ஏப்பம் விட்டார்கள், எப்போதும்போல வயிறு நிறையவில்லை என்றார்கள்.

இதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. வேதமாணிக்கம் சார் வாயைத் திறந்தார். அவர் ரிட்டயரான டிரில் வாத்தியார், சபைக் கமிட்டியில் பெரிய ஆள், பேசினால் வார்த்தைகள் இடது வலது இடது வலது என்று வரிசையாக நடந்து வந்து டக்கென்று நிற்கும்.

"எடை. காணாமப் போவாது. ஒரு எடத்துல கொறைஞ்சா. இன்னொரு எடத்துல கூடும். எவன் கூடியிருக்கான். பாரு."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பொறுமைபுரத்தில் ஆம்பிளைகள் வயிற்றை எக்கிக்கொண்டு நடந்தார்கள். கோயிலில் பெஞ்சு முனகக்கூடாது என்று நுனியில் உட்கார்ந்து, தொடை கடுத்து, ஜெபம் முடிகிறவரை நெளிந்தார்கள். மெலிந்திருந்தவர்கள் காரணமில்லாமல் நிமிர்ந்து நின்றார்கள். குருவானவர் பாரத்தைப் பற்றி நீளமாக ஒரு பிரசங்கம் செய்தார். வலப்பக்கம் இருந்தவர்கள் அது இடப்பக்கத்துக்குச் சொன்னது என்றும், இடப்பக்கம் இருந்தவர்கள் அது வலப்பக்கத்துக்குச் சொன்னது என்றும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

அப்போதுதான் அசனம் வந்தது. வீட்டுக்கு ஒரு படி அரிசி என்பது அசனத்துக் கணக்கு, பணக்காரனுக்கும் ஒரு படி, பனையேறிக்கும் ஒரு படி, கூட வேண்டாம் குறைய வேண்டாம். அதை வீட்டு வாசலில் வைத்து மாஸ்டரே தன் கையால் அளந்து வாங்குவார். ஆகவே ஞானதிரவியம் வீடுவீடாகப் போய் 'லாபம்' என்று ஒரு படி அளந்து சாக்கில் போட்டு, அடுத்த வாசலில் 'லாபம்' என்று ஒரு படி அளந்து சாக்கில் போட்டு, தெருத்தெருவாக இப்படியே போனதில், ஊரின் அரிசி மொத்தமும் முதல் படியாகவே சேர்ந்தது. கோயில் ஹாலில் அடுக்கிய மூட்டைகள் மின்விசிறி போட்டால் அசைந்தன. தூணோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். உப்பளத்திலிருந்து மேடைத் தராசைக் கொண்டுவந்து மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். பூஜ்யம்.

"ஊரு அரிசி இங்க இருக்கு," என்றார் வேதமாணிக்கம் சார். "ஊரு எடை. எங்க இருக்கு?"

எல்லாரும் அரிசியை அளந்தவரைப் பார்த்தார்கள். அந்த வருஷம் நல்ல முகூர்த்தங்கள் அதிகம், ஞானதிரவியத்துக்கு ஓயாத வேலை, ஓயாமல் ருசி பார்த்ததில் ஆள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார், சட்டையின் நாலாவது பித்தான் இருந்த இடத்தில் ஊக்கு இருந்தது.

"பித்தான் என்னவே ஆச்சு, மாஸ்டர்?" என்றார் கூட்டத்தில் ஒருத்தர்.

"தெறிச்சிட்டு. போன கல்யாணத்துல, பாயசம் கிண்டும்போது."

"பாயசத்துலயா விழுந்துச்சு?"

"விழுந்திருந்தா மாப்ளை வீட்டுக்காரங்க கேட்டிருப்பாங்கல்லா."

"பித்தான் சும்மா தெறிக்காது," என்றார் சார். "உள்ளேருந்து. ஒண்ணு. தள்ளணும்."

ஊர் சொல்லுவதற்கு முன்னமே எப்சிபா அதைக் கவனித்திருந்தாள் என்பதுதான் விசேஷம். அவர் படுத்தால் கயிற்றுக் கட்டில் முன்னைவிடத் தாழ்ந்தது. அவர் செருப்பின் குதிகால் முன்னைவிடச் சீக்கிரம் தேய்ந்தது. முற்றத்துச் செம்மண்ணில் அவர் நடந்து போன தடம் முன்னைவிட ஆழமாக இருப்பதுபோல இருந்தது, 'போல' என்பது அவளுக்குப் பிடிக்காத வார்த்தை. ஆகவே அவர் வேலைக்குப் போனதும் வாய் நெளிந்த டம்ளரில் தவிட்டை எடுத்துக்கொண்டு போய், அவர் வலது கால் தடத்தில் கொட்டி, தலைதட்டி, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தாள். முக்கால் டம்ளர். ஒரு வாரம் கழித்து ஒரு டம்ளர். தன் காலைப் பக்கத்தில் அழுத்தி அளந்து, அவர் தடத்தில் தன் தடத்தைக் கழித்து, தவிட்டை மண்ணாக்கி, மண்ணை எடையாக்கி, முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்து விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

மதிலுக்கு மேலே புஷ்பரதியின் தலை தெரிந்தது. "ஏளா எப்சி, மண்ணுக்கா தவிடு வைக்கிய?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சந்தேகம் தனியாக வைத்துக்கொள்ள முடியாத பண்டம், எப்சிபா சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அது போய்விட்டது, போகிற வழியில் ஒரு டம்ளர் ஒரு படியானது.

ஞானதிரவியம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். "முத்தத்துல தவிடு கெடக்கே."

"கோழிக்கு."

"நம்மகிட்ட ஏதுட்டி கோழி?"

"வாங்கணும்லா."

அவர் கழற்றின செருப்பை ஓரமாக வைத்தார். பிறகு தவிட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

கமிட்டி கூடியது. களவாண்டவன் கையில் அசனச் சட்டுவக் கரண்டியைக் கொடுக்க முடியாது, வெளியூர் மாஸ்டரைக் கூப்பிடுவோம் என்றார்கள் சிலர். அந்தச் சட்டுவம் கையை விட்டுப் போனால் அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீடும் அவரைக் கூப்பிடாது, ஊரை விட்டே போகவேண்டியதுதான் என்பது எப்சிபாவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், ஆனாலும் அவர் ஒன்றும் பேசவில்லை, பேசாமல் இருந்ததையே ஒரு ஒப்புதலாக நாலுபேர் எடுத்துக்கொண்டார்கள். நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றார் குருவானவர். அதற்கு வேதமாணிக்கம் சார் ஒரு வழி சொன்னார்.

"மாஸ்டரே சமைக்கட்டும். மாஸ்டரே முதல்ல திங்கட்டும். எடையில்லாத சோத்தைத் தின்னா எடை ஏறப்படாது. ஏறிச்சு. உள்ள ஒளிச்சு வச்சிருக்க எடை வந்து ஒட்டிக்கிடுதுன்னு அர்த்தம். ஏறல. ஆளு சுத்தம்."

இதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருப்பதாகப் பலருக்குத் தோன்றியது, எங்கே என்று தெரியாததால் சரி என்றார்கள். குழம்பு ஊற்றக்கூடாது, கறிக்கு எடை இருக்கிறது. தண்ணீர் குடிக்கக்கூடாது. சோறு வேகிற தண்ணீரையும், ஒவ்வொரு குடமும் முதல் குடமாக இருக்கும்படி, நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டும், உப்பும் அப்படியே. தராசில் எண்ணைப் பார்த்துச் சொல்வது யார் என்பதில்தான் இழுத்துக்கொண்டது, ஏனென்றால் தராசின் வயர் குட்டை, சுவரை ஒட்டித்தான் நிறுத்த முடியும், எண் தெரிகிற முகம் சுவரைப் பார்த்து இருக்கும், இடுக்கில் ஒரு ஆள்தான் நிற்கலாம். சார் பார்த்தால் கூட்டிச் சொல்லுவார் என்றது தெற்குத் தெரு. தெற்குத் தெரு ஆள் பார்த்தால் குறைத்துச் சொல்லுவார் என்றது வடக்குத் தெரு. குருவானவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் கிட்டத்துப் பார்வை சரியில்லை என்றார்.

"எப்சி பாக்கட்டும்," என்றாள் புஷ்பரதி, அவள் சொன்னால் வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும். "புருசன்னு பாக்கமாட்டா. ஒரு செர்ரிப் பழம் கூட வைக்காதவ. ஊருலயே மாஸ்டரைக் கூடுதலாச் சந்தேகப்படுதது அவதானே."

ஊர் ஒரே குரலாகச் சம்மதித்தது அந்த வருஷத்தில் அந்த ஒன்றுக்குத்தான். எப்சிபா புருஷனைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். "சரிதான்," என்றார் ஞானதிரவியம், அவ்வளவுதான் சொன்னார்.

பண்டிகையன்று ஹாலுக்குப் பின்னால் வரிசையாக வெட்டிய பத்தி அடுப்புகள் எரிந்தன. எடையில்லாத அரிசி தண்ணீரில் முங்கமாட்டேன் என்று மேலேயே மிதந்தது. ஞானதிரவியம் தட்டுப் போட்டு மூடி, தட்டின் மேல் அம்மிக்கல்லை ஏற்றி, ஆவியைக் காதால் கேட்டுக் கேட்டு, ஒரு பருக்கையும் குழையாமல் இறக்கி, ஓலைப்பாய்களில் கொட்டினார். சோறு வெண்மையாகக் குவிந்து, காற்றடித்தால் லேசாக இடம் மாறியது, சிறுபிள்ளைகள் பாயின் ஓரத்தைச் சுற்றி உட்கார்ந்து ஊதி ஊதி அதை நடுவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கம் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது. அந்த வாசனைக்கு நடுவில் அவரைத் தராசில் ஏற்றினார்கள்.

எப்சிபா சுவருக்கும் தராசுக்கும் இடையில் நுழைந்து நின்று வாசித்தாள். "தொண்ணூத்தி நாலு கிலோ முந்நூறு."

ஊர் பெருமூச்சுவிட்டது. இறக்கி, இலை போட்டு, வெறும் சோற்றை வைத்தார்கள். ஊரே சுற்றி நிற்க ஞானதிரவியம் சாப்பிட்டார். குழம்பில்லை, ரசமில்லை, ஒரு அப்பளம்கூட இல்லை; தொண்டையில் அடைத்தபோது தண்ணீர் தரவில்லை, விக்கல் வந்தபோது நெஞ்சில் தானே தட்டிக்கொண்டார். ஒரு பிள்ளை, "பாவம்மா" என்றது, அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். இன்னும் கொஞ்சம் என்றார் சார், இன்னும் கொஞ்சம் வைத்தார்கள். கடைசிப் பருக்கையையும் விரலால் துடைத்துத் தின்றுவிட்டு, கையைக் கழுவக்கூட விடாததால் சோறு காய்ந்து ஒட்டிய கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் மறுபடியும் தராசில் ஏறினார்.

எண் ஓடியது, ஆடியது, நின்றது. தொண்ணூற்று ஐந்து கிலோ நானூறு.

அவள் நினைத்தது சரி. தவிட்டுக் கணக்கு சரி, கட்டில் சரி, செருப்பு சரி; இவ்வளவு நாளும் தான் சந்தேகப்பட்டது ஒன்றுகூடத் தப்பவில்லை என்று கண்ணெதிரில் சிவப்பெழுத்தில் எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். தராசின் கம்பிக்கு மேலே புருஷனின் காய்ந்த உதடும், தூக்கிப் பிடித்த கையும், ஊக்குக் குத்திய சட்டையும் தெரிந்தன, அதற்குப் பின்னால் ஊரின் முகம் முழுக்க வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. கள்ளன் என்று உறுதியாகத் தெரிந்த அந்த நொடியில், அவரைக் கள்ளன் என்று சொல்கிற உரிமை தன்னைத் தவிர இன்னொருத்தருக்கு இருக்கக்கூடாது என்பதும் அவளுக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது.

"தொண்ணூத்தி நாலு முந்நூறு," என்றாள் எப்சிபா. "அப்படியே நிக்கி."

ஒரு கிராமைக்கூட மாற்றிச் சொல்லாதவள் சொன்னதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "ஆளு. சுத்தம்," என்றார் வேதமாணிக்கம் சார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. குருவானவர் ஸ்தோத்திரம் சொன்னார். ஊர் சோற்றின் மேல் விழுந்தது.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது எப்சிபா ஒரு இலைத் துண்டில் வெறும் சோற்றை வைத்துக்கொண்டு தராசு இடுக்கில் நுழைந்தாள். ஊர் எதற்குச் சந்தேகப்பட்டாலும் அதற்கு மேல் ஒரு சுற்றுச் சந்தேகப்படுவது அவள் வழக்கம். ஏறி நின்று, எட்டிப் பார்த்தாள்: அறுபத்திரண்டு கிலோ நூறு. இறங்கி, சுவரைப் பார்த்து நின்று, ஒரு சொட்டுக் குழம்பில்லாமல் அவ்வளவு சோற்றையும் தின்றாள். ஏறினாள். அறுபத்திரண்டு கிலோ ஐந்நூறு.

திரும்பி ஹாலைப் பார்த்தாள். முதல் பந்தி எழுந்துகொண்டிருந்தது. ஆம்பிளைகள் பெல்ட்டைத் தளர்த்தினார்கள், பெண்கள் ஒருவரையொருவர் கைகொடுத்துத் தூக்கினார்கள், காலையில் கோயிலில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஹால் பெஞ்சுகளில் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள், பெஞ்சுகள் வாய்விட்டு முனகின. மூன்று தரம் சோறு கேட்டு வாங்கிய வேதமாணிக்கம் சார் எழ முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார்; தெற்குத் தெருக்காரர்கள் அவரை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

எல்லாரும் போன பிறகு, ஹாலுக்குப் பின்னால் குழாயடியில் ஞானதிரவியம் சட்டுவங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எப்சிபா பக்கத்தில் போய்ச் சாம்பலை எடுத்தாள்.

"எவ்வளவு ஏறிச்சு?" என்றார் அவர்.

"என்னத்த?"

"என் ஒடம்பை எனக்குத் தெரியாதா எப்சி. தின்னுட்டு எந்திரிக்கும்போதே கால்ல எறங்கிட்டு. எவ்வளவு?"

"ஒரு கிலோ நூறு."

"ம்."

"எனக்கும் ஏறிச்சு," என்றாள் அவசரமாக. "வெறுஞ்சோறுதான் தின்னேன். எல்லாருக்கும் ஏறும். வயித்துக்குள்ள போனா எடை வந்து சேந்துக்கிடுது. ஒருத்தரும் எடுக்கல, அது எங்கயும் போவல."

"நீ எப்ப தின்னு பாத்த?"

"நீங்க பந்தி விசாரிக்கும்போது."

"அப்படியே நிக்கின்னு ஊருக்குச் சொன்னதுக்குப் பொறவு."

எப்சிபா சாம்பலைத் தேய்த்தாள்.

"அப்போ, சொல்லும்போது, நான் களவாண்டேன்னுதான் நெனச்ச."

"ஆமா."

"கள்ளன்னு நெனச்சுட்டுத்தான் காப்பாத்தின."

"ஆமாங்கேன்லா."

அவர் ரசத்தில் உப்புப் பார்க்கிறவர்போலத் தலையைச் சாய்த்தார். இது சந்தோஷப்படுகிற விஷயமா, சங்கடப்படுகிற விஷயமா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல இருந்தது அவர் முகம். எந்த முடிவுக்கும் வரவில்லை.

"ஊருக்கு உள்ளதைச் சொல்லிரட்டுமா?" என்றாள் எப்சிபா.

"என்னன்னு? முதல்ல சொன்னது பொய்யின்னா?"

எப்சிபா சட்டுவத்தைத் திருப்பிப் பிடித்தாள். சொன்னால் இனி அவள் சொல்லுகிற எந்த எண்ணையும் ஊர் நம்பாது. சொல்லாவிட்டால் ஊர் இன்னொருத்தரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும், அது ஊருக்குப் பழக்கம்தான்.

வரமுடியாமல் படுக்கையில் கிடப்பவர்களுக்கு மிச்சச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எப்சிபா ஒரு ஓலைப்பெட்டி நிறையச் சோற்றை அள்ளி, மேலே இலையைப் போட்டு மூடினாள். இன்னும் யார் வயிற்றுக்குள்ளும் போகாத சோறு, கொஞ்சமும் கனமில்லை, பெட்டியை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். அவள் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியபோது, ஞானதிரவியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபக்கத்தைப் பிடித்தார்.

இரண்டு பேரும் அப்படியே தெருவில் நடந்தார்கள். அவர் உதவிக்குப் பிடித்திருக்கிறாரா, தன்னை நம்பாமல் காவலுக்குப் பிடித்திருக்கிறாரா என்று எப்சிபா தெருமுக்கு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனாள். கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார், சொன்னால் நம்ப வேண்டியிருக்கும்.